சாட்சிக் கூண்டில் திருச்சபை

(மதச்சார்பின்மையும் சமூக நீதியும் என்ற பொருளில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்துவந்த சூசை என்ற தொழிலாளி 1983ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவர் கேட்டது பெரிய சொத்து எதுவுமன்று. தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்க முன்வந்த பங்க் கடைகளில் ஒன்று. வெயிலும் மழையும் தலையில் இறங்காமல் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பெட்டி. அதே தொழில் செய்த, அதே ஆதிதிராவிடச் சாதியில் பிறந்த இந்துக்களுக்கு அது உண்டு. சூசைக்கு இல்லை. காரணம், அவர் கிறிஸ்தவர்.

1985 செப்டம்பர் இறுதியில் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. தீர்ப்பின் சாரத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். மதம் மாறிய பின்னும் ஒருவருடைய சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்துச் சமூக அமைப்பில் அச்சாதி அனுபவித்த இழிவும் இயலாமையும் புதிய மதத்துக்குள்ளும் அதே கொடுமையுடன் நீடிக்கின்றன என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கிறிஸ்தவ சமூகத்தின் நிலை குறித்து அதிகாரபூர்வமான, விரிவான ஆய்வு எதுவும் தங்கள்முன் வைக்கப்படவில்லை என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள்.

அந்த ஆய்வு எங்கே கிடந்தது? ஒவ்வொரு பங்கின் திருமணப் பதிவேட்டிலும், ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்திலும் கிடந்தது. அவை திருச்சபையின் கைவசம் இருந்த ஏடுகள். அந்தச் சான்று நீதிமன்றத்தை எட்டவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ‘சாட்சி’ என்பது மிகவும் புழங்கும் சொல். விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவதே சாட்சி என்பது அவர்கள் தரும் பொருள். ‘அவருடைய சாட்சி நல்ல சாட்சி’ என்றால் அவர் சொல்வதும் செய்வதும் ஒன்று என்று அர்த்தம். சூசையின் வழக்கு இச்சொல்லின் இரு பொருள்களையும் ஒன்றோடொன்று மோதவிட்டது. தன் ஏழை உறுப்பினருக்கு நீதி கிடைக்க வேண்டுமானால் திருச்சபை கூண்டில் ஏறி, ‘எங்கள் வீட்டிலும் தீண்டாமை இருக்கிறது, கடவுளின் முன் எல்லோரும் சமம் என்று இத்தனை நூற்றாண்டுகள் போதித்தும் அதன்படி நாங்கள் வாழவில்லை’ என்று சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியைச் சொல்ல அது ஏன் இத்தனை காலம் தயங்கியது, சொல்லத் தொடங்கிய பிறகேனும் தன் வீட்டை மாற்றியதா என்பதே இந்த உரையின் பொருள்.

இந்த நிலையை உருவாக்கியது திருச்சபை அன்று, இந்திய அரசு என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறொரு மதத்தைப் பின்பற்றுகிறவரைப் பட்டியல் சாதியினராகக் கருதக் கூடாது என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும், 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு இன்றுவரை திறக்கப்படவில்லை. மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிட வேண்டும் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அறிக்கை கிடப்பில் போடப்பட்டது. 2022 நவம்பரில் மோடி அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாண வாக்குமூலத்தில் அந்த அறிக்கை குறைபாடுடையது என்று ஒதுக்கியது. தீண்டாமை என்னும் ஒடுக்குமுறை கிறிஸ்தவ, இஸ்லாமிய சமூகங்களில் நிலவவில்லை என்றும் கூறியது.

சங் பரிவாரத்தின் அரசு கிறிஸ்தவத்துக்கு நற்சான்றிதழ் வழங்கிய ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும்! நாடெங்கும் தேவாலயங்களின்மீது கல்லெறிகிற கூட்டத்தின் அரசு, ‘உங்களிடம் சாதியே இல்லை, நீங்கள் சமத்துவவாதிகள்’ என்று நீதிமன்றத்தில் புகழ்கிறது. திருச்சபையின் வழக்கறிஞரோ, ‘இல்லை, எங்களிடம் சாதி இருக்கிறது’ என்று மறுத்து வாதாட வேண்டியிருக்கிறது.

ஓங்கோலில் எழுந்த கேள்வி

திருச்சபை அளித்த வாக்குறுதி எத்தகையது என்று அறியாமல், அது மீறப்பட்டதன் கனம் விளங்காது. அதற்குத் தெலுங்கு நாட்டின் ஓங்கோல் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் 1866இல் அங்கு வந்தார். தொடக்கத்தில் பிராமணர்கள் அவரிடம் ஆர்வம் காட்டினார்கள். அதே வேளையில், தோல் தொழில் செய்யும் மாதிகா மக்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். இவர்களைச் சேர்த்துக்கொண்டால் நாங்கள் வரமாட்டோம் என்று மேல்சாதியினர் தெரிவித்துவிட்டார்கள். கிளஃபும் அவருடைய மனைவியும் அன்று வெவ்வேறு அறைகளில் பைபிளைப் புரட்டியபோது இருவர் கண்ணிலும் ஒரே பகுதி பட்டதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உலகம் இழிவாக எண்ணும் எளியவர்களையே கடவுள் தேர்ந்துகொண்டார் என்று பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய பகுதி அது. கிளஃப் மாதிகாக்களின் பக்கம் நின்றார். ஒரு நிறுவனம் தன் நூலில் எழுதியிருப்பதற்கும் தன் வசதிக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்து, நூலைத் தேர்ந்தெடுத்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று. அதை மறைக்க வேண்டிய அவசியம் எந்தக் கம்யூனிஸ்டுக்கும் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வைக்கப்பட்ட விதிகள் எளிமையானவை. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. செத்த மாட்டின் இறைச்சியை உண்ணக் கூடாது. சிலைகளை வணங்கக் கூடாது. வெளிப்பார்வைக்கு இவை சமய ஆசாரங்கள். கிராமத்தின் உற்பத்தி உறவில் வைத்துப் பார்த்தால் முதல் விதி ஒரு வேலைநிறுத்தம். வாரத்தின் ஏழு நாளும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேண்டிய மாதிகா, ஒரு நாள் வரமாட்டேன் என்கிறார். ஊர்த் திருவிழாவுக்குப் பறையடிக்க மறுக்கிறார். நிலவுடைமையாளர்கள் கொதித்தெழுந்ததற்குக் காரணம் இறையியல் அன்று.

1876-78 பெரும் பஞ்சத்தின்போது பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு எழக் கூடாது என்பதால் பஞ்ச காலத்தில் ஞானஸ்நானத்தை நிறுத்திவைத்தார். நிவாரணப் பணி முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஆறு போதகர்கள் இருவர் இருவராக முறைவைத்து ஆற்றில் நின்றார்கள். ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று இன்று ஏளனம் செய்வோர் இந்தத் தேதியின் வரிசையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அந்த மக்கள் ஆற்றில் இறங்கியது மறுமையின் சொர்க்கத்துக்காக மட்டும் என்று எண்ணுவது அவர்களை அவமதிப்பதாகும். பள்ளிக்கூடமும், மனிதன் என்ற பெயரும், யாருக்கும் கும்பிடு போடாமல் நடந்துபோக ஒரு தெருவும் அவர்கள் தேடியவற்றில் இருந்தன. ஆதி கிறிஸ்தவத்துக்கும் நவீனத் தொழிலாளர் இயக்கத்துக்கும் உள்ள ஒற்றுமைகளை எங்கெல்ஸ் 1894இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டியது இங்கு நினைவுக்கு வரும். இரண்டும் ஒடுக்கப்பட்டோரின் இயக்கமாகவே தோன்றின.

ஆனால் நிலம் கைமாறவில்லை. ஞானஸ்நானம் பெயரை மாற்றியது, எழுத்தறிவு தந்தது. ஏர் பிடிக்கும் நிலம் பழைய எஜமானர்களிடமே இருந்தது. அதே பிரகாசம் மாவட்டத்தின் காரம்சேடு கிராமத்தில் 1985 ஜூலை 17 அன்று நிலவுடைமைச் சாதியினர் மாதிகா குடியிருப்பைத் தாக்கி ஆறு பேரைக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் சீராலாவுக்கு ஓடித் தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். சூசையின் வழக்கில் போதிய சான்று இல்லை என்று தீர்ப்பு வருவதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்பு நடந்த படுகொலை இது. தாக்க வந்தவர்கள் யாருடைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு வரவில்லை. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம், சாதியின் பெயரால் தாக்கப்பட்டதாகப் புகார் கொடுத்த ஒரு தலித் போதகர் கிறிஸ்தவர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று கூறிவிட்டது. அடிப்பவனுக்கு அவர் தலித். சட்டத்துக்கு அவர் கிறிஸ்தவர்.

மூன்று தலைமுறைக்குப் பின்னும் ‘புது’

வெளியிலிருந்து வந்த அடி ஒருபுறம் இருக்க, உள்ளே என்ன நடந்தது?

ஐரோப்பிய மிஷனரிகள் தொடக்கத்திலிருந்தே சாதியுடன் சமரசம் செய்துகொண்ட வரலாறு நீண்டது. மதுரையில் ராபர்ட் டி நோபிலி பிராமணத் துறவியைப் போல் வாழ்ந்து மதம் பரப்பினார்; மதம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். பறையர்களுக்கெனத் தனி மிஷனரிகளை ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு 1744இல் ரோம் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பக்கத்தில், சாதி வேறுபாட்டைச் சபைகள் அறவே கைவிட வேண்டும் என்று 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர்ச் சபையின் மேல்சாதியினரில் பலர் சுற்றறிக்கையை விட்டுவிடவில்லை, சபையை விட்டார்கள்.

திருவிதாங்கூரில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அங்கே சிரியன் கிறிஸ்தவர்கள் மிஷனரி வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே கிறிஸ்தவர்கள், நிலமும் வாணிபமும் உடையவர்கள், அடிமைகளையும் வைத்திருந்தவர்கள். 1854இல் மல்லப்பள்ளிக்கு அருகே அடிமைச் சாதியைச் சேர்ந்தவர்கள் ஆங்கிலிக்கன் மிஷனில் முதன்முறையாக ஞானஸ்நானம் பெற்றார்கள். மறு ஆண்டு, 1855இல், திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து ஆணை பிறப்பித்தது. எஜமானரும் அடிமையும் இப்போது ஒரே தேவனின் பிள்ளைகள். ஆனால் ஒரே பெஞ்சில் அமரவில்லை. பல இடங்களில் புலையருக்குத் தனிக் கோவில் கட்டப்பட்டது.

மலையாளத்தில் தலித் கிறிஸ்தவர்களைக் குறிக்க ‘புதுக்கிறிஸ்தவர்’ என்ற சொல் வழங்குகிறது. பாட்டன் ஞானஸ்நானம் பெற்றான், அப்பன் பிறந்ததே கிறிஸ்தவனாக, பேரனும் அப்படியே. இருந்தும் அவர்கள் ‘புது’. பழையவர்களாக ஆவதற்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. மொழி சில சமயம் இறையியலைவிட நேர்மையாகப் பேசிவிடுகிறது.

இந்தச் சூழலில் 1879இல் திருவல்லா அருகே இரவிபேரூரில் பிறந்தவர் பொய்கையில் யோகன்னான். அவருடைய பெற்றோர் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் அடியார்கள். எழுத்தறிந்து, பைபிளைக் கரைத்துக் குடித்து, மார்த்தோமா சபையில் சேர்ந்து பெரும் பிரசங்கியானார். அங்கே சாதியைக் கண்டு விலகினார். பிரதரன் சபைக்குப் போனார். அங்கும் அதுவே. வேதப்புத்தகத்தின் எந்த ஏட்டிலும் தம் அடிமை முன்னோரின் கதை இல்லை என்று உணர்ந்த அவர், கிறிஸ்தவத்தையே விட்டு வெளியேறி 1909இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். முன்னோரின் அடிமை வாழ்வைப் பாடல்களாகப் பாடி மக்களைத் திரட்டினார். 1921இலும் 1931இலும் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டபோது தலித்துகளுக்கு நிலமும் கல்வியும் கேட்டார்.

யோகன்னானை ஏதோ ஒரு பிரிவினைவாதப் போதகர் என்று ஒதுக்கிவிடுவது திருச்சபைக்கு எளிது. அவரோ திருச்சபையின் நூலை அதன் சொல்லுக்குச் சொல் நம்பியவர். நம்பியதால்தான் கேட்டார். கேட்டதால்தான் வெளியே நிற்க நேர்ந்தது. 1960களில் மத்தியத் திருவிதாங்கூரின் தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து தலித் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து தனிச் சபை கண்டதும் இதே கேள்வியின் தொடர்ச்சி.

2018 மே மாதத்தில் கோட்டயத்தில் ஒரு தலித் கிறிஸ்தவ இளைஞர் காதலித்து மணந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். பெண்ணின் தந்தையும் கிறிஸ்தவரே. அது ஆணவக் கொலை என்று விசாரணை நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

பதினோராவது பிரிவு

திருச்சபையின் நம்பிக்கையை அதன் பிரசங்கத்தில் சோதிப்பது வீண். அதிகாரமும் பணமும் நியமனமும் அதன் கையில் இருக்கும் இடத்தில்தான் சோதிக்க வேண்டும். இந்தியத் திருச்சபைக்கு அப்படிப்பட்ட இடம் கல்வி.

1957 ஏப்ரலில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் கேரளத்தில் பதவியேற்ற முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி. கத்தோலிக்கராகப் பிறந்தவர், திருச்சூர் புனித தாமஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். தனியார் பள்ளி ஆசிரியரிடம் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுப்பது அன்று ஊரறிந்த வழக்கம். முண்டசேரியின் கல்விச் சட்டம், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் வழங்கும் என்றது. இதன் சிறப்பு இன்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது அதன் பதினோராவது பிரிவு. உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஆசிரியர்களை அரசுத் தேர்வாணையமே தேர்ந்தெடுக்கும்; அந்தத் தேர்வில் அரசியல் சட்டத்தின் 16(4)ஆம் பிரிவு, அதாவது இட ஒதுக்கீடு, கருத்தில் கொள்ளப்படும் என்றது அது.

இதன் பொருள் என்ன? அரசுப் பணத்தில் நடக்கும் சர்ச் பள்ளியில், புலையர் வீட்டுப் பிள்ளை மேலாளரின் தயவு இல்லாமல், நன்கொடை கொடுக்காமல், உரிமையோடு ஆசிரியராக வந்து நிற்க முடியும் என்பதே. சபைத் தலைமை இதை எதிர்கொண்ட விதம் உலகறிந்தது. கத்தோலிக்கத் தலைமையும் மன்னத்து பத்மநாபனின் நாயர் சேவைச் சங்கமும் காங்கிரசும் கைகோத்து ‘விமோசன சமரம்’ நடத்தின. கல்விச் சட்டத்தோடு நிலச் சீர்திருத்த மசோதாவும் அவர்களை உறுத்தியது. 1959 ஜூலை 31 அன்று மக்கள் தேர்ந்தெடுத்த அரசு கலைக்கப்பட்டது. அடுத்து வந்த அரசு 1960இல் பதினோராவது பிரிவை மாற்றி, நியமன உரிமையை மேலாளர்களிடமே திருப்பிக் கொடுத்தது. ‘விமோசனம்’ என்றால் விடுதலை. யாருக்கு விடுதலை கிடைத்தது என்பது அந்தத் திருத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

நேர்மையாகச் சொல்வதானால், இதில் இடதுசாரிகளின் கணக்கும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. பின்னர் பலமுறை ஆட்சிக்கு வந்தும், அரசு சம்பளம் கொடுக்கிற உதவிபெறும் பள்ளிகளின் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டை மீட்க இயலவில்லை. மேலாளர்களின் சங்கங்கள் தேர்தல் அரசியலில் செலுத்தும் செல்வாக்கு அதற்கு ஒரு காரணம். அதைச் சொல்லாமல் திருச்சபையை மட்டும் கேள்வி கேட்பது அரைகுறை வேலையாகிவிடும்.

பெண்களின் சொத்துரிமையில் நிகழ்ந்ததையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியபோது, தேவாலயங்களில் நன்றிப் பாடல் ஒலிக்கவில்லை. தீர்ப்பை எதிர்த்து மதகுருமார்கள் குரல் எழுப்பினார்கள். உயில் எழுதி மகள்களை விலக்கிவிடும் வழி குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

ஒப்புக்கொண்ட பிறகு

1982இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை, சாதி கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று அறிவித்தது. அதே திருச்சி நகரின் மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் புதைகுழிகளையும் மற்றவர்களின் புதைகுழிகளையும் பிரிக்கும் சுவர் இருந்தது. அறிக்கை அச்சாகி நாடெங்கும் போயிற்று. சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது.

2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில்தான் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. இந்தியாவின் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்று அந்த ஆவணமே கூறுகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான எண்ணிக்கை! இந்தியாவுக்கு முதல் கர்தினால் 1953இல் கிடைத்தார். முதல் தலித் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா பதவியேற்றது 2022 ஆகஸ்டில். இடையே 69 ஆண்டுகள். ஆவணத்தில் ஒப்புதல் இருக்கிறது, வருத்தம் இருக்கிறது, மறைமாவட்டங்களுக்கு அறிவுரைகள் இருக்கின்றன. அறிவுரையைப் பின்பற்றாத மறைமாவட்டத்தை என்ன செய்வது என்ற இடத்தில் அது மௌனம் சாதிக்கிறது. திருமணச் சட்டத்திலும் வழிபாட்டு முறையிலும் நுணுக்கமான கட்டளைகளை இட்டு நிறைவேற்றத் தெரிந்த ஒரு நிறுவனம் சாதி விஷயத்தில் மட்டும் அறிவுரையோடு நின்றுவிடுவது இயலாமையால் அன்று.

இதே திருச்சபையில்தான் அருட்தந்தை ஸ்டான் சுவாமியும் இருந்தார். அந்தச் சுவர் எழுந்த அதே திருச்சி மாவட்டத்தின் விரகாலூரில் 1937இல் பிறந்தவர். ஜார்க்கண்ட் சென்று ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் உழைத்தார். 2020 அக்டோபரில் ‘உபா’ சட்டத்தில் கைது செய்யப்பட்டபோது அவருக்கு வயது 83. நடுக்கவாத நோயால் கோப்பையைக் கையில் பிடிக்க முடியாதவர், உறிஞ்சுகுழல் வைத்த குவளை ஒன்றுக்காக நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலேயே, காவலில் இருந்தபடி மருத்துவமனையில் இறந்தார். நம்பிக்கையின்படி வாழ முடியுமா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை ஒரு விடை. ஒரு யேசு சபைத் துறவி தனியாக எடுத்த அந்த நிலைப்பாட்டை, ஆயிரக்கணக்கான பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிலங்களும் உடைய நிறுவனம் எடுக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை இன்னும் வரவில்லை.

தோழர்களே, இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள், எங்கிருந்து கேட்கிறார்கள் என்பது முக்கியம். சங் பரிவாரமும் திருச்சபையின் சாதியைப் பற்றிப் பேசுகிறது. 2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் வீடுகள் எரிக்கப்பட்டு 50,000க்கும் மேற்பட்டோர் காடுகளுக்கும் முகாம்களுக்கும் ஓடினார்களே, அவர்களில் பெரும்பாலோர் பாணோ தலித்துகளும் கந்தா ஆதிவாசிகளும். அவர்களுடைய சமத்துவம் பற்றிக் கவலைப்பட்டு யாரும் தீ வைக்கவில்லை. மதம் மாறிய ஆதிவாசிகளைப் பழங்குடிப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று இன்று இயக்கம் நடத்துகிறவர்களும் இவர்களே.

2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தரில் நடந்தது இன்னும் தெளிவானது. மஹரா என்ற தலித் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவப் போதகர் ஒருவர் இறந்தார். அவருடைய தந்தை அதே ஊரில்தான் புதைக்கப்பட்டிருந்தார் என்று குடும்பம் கூறியது. ஊரார் எதிர்த்தார்கள், அரசு ஊராரின் பக்கம் நின்றது. உடல் ஏறத்தாழ மூன்று வாரங்கள் சவக்கிடங்கில் கிடந்தது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள்; இறுதியில், வேறொரு கிராமத்தில் கிறிஸ்தவர்களுக்கென உள்ள இடுகாட்டில் 20 கிலோமீட்டருக்கு அப்பால் அடக்கம் செய்யுமாறு கூறினார்கள்.

பஸ்தரில் கிறிஸ்தவர் என்பதால் ஊர் மண்ணில் இடமில்லை. மேலப்புதூரில் கிறிஸ்தவர்களுக்கான மண்ணில் தலித் என்பதால் தனி இடம். பஸ்தரின் குடும்பத்தோடு நிற்பது இடதுசாரிகளின் கடமை. அதில் எந்த நிபந்தனையும் இல்லை. அந்தக் கடமையைச் செய்கிறவர்களுக்கே மேலப்புதூரைப் பற்றிக் கேட்கும் உரிமையும் உண்டு. சிறுபான்மையினர் தாக்கப்படும்போது அவர்களுடைய உள் முரண்பாடுகளைப் பேசலாமா என்று தயங்கும் தோழர்கள் சிலர் உண்டு. அந்த மௌனத்தால் பயனடைவது ஆயர் இல்லமே அன்றிப் புதுக்கிறிஸ்தவரின் குடிசை அன்று.

ஆகவே கோரிக்கைகள் இரண்டு முகவரிகளுக்குப் போக வேண்டும். 1950 ஆணையின் மூன்றாவது பத்தியை நீக்கு என்பது ஒன்றிய அரசுக்கு. திருச்சபைக்கு வைக்க வேண்டியது இன்னும் எளிமையானது. அரசிடம் கேட்கும் இட ஒதுக்கீட்டைத் தன் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியர் நியமனத்தில் இன்றே நடைமுறைப்படுத்தலாம். அதற்கு எந்த நாடாளுமன்றமும் வாக்களிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் நிறுவனங்களில் எத்தனை தலித் முதல்வர்கள், எத்தனை தலித் ஆசிரியர்கள், குருமடங்களில் எத்தனை தலித் மாணவர்கள் என்ற பட்டியலை வெளியிடலாம். சூசையின் வழக்கில் இல்லை என்று நீதிமன்றம் சொன்ன ஆய்வு அதுவே. அதை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின்முன் தாக்கல் செய்யவும் முடியும். 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட அந்த ஆணையத்துக்குக் கொடுக்கப்பட்ட காலம் இரண்டு ஆண்டுகள்; அது முடிந்து, கெடு நீட்டிக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரும் மனு உச்ச நீதிமன்றத்தில் 2004ஆம் ஆண்டின் 180ஆம் எண்ணில் பதிவாகியிருக்கிறது.